அக்கிராசனர் அவர்களே, ஐலசா

நான் எழுதிய முதல் பிரசங்கம் கள்ளுண்ணாமையைப் பற்றியது. அப்போது எனக்குப் பத்து வயது. கள்ளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது புளித்த வாடை அடிக்கும் என்பதும், சனிக்கிழமை சாயங்காலங்களில் அந்த வாடை என் மாமாவின் சட்டையோடு வீட்டுக்குள் வரும் என்பதும்தான். ஒரு பிரசங்கத்துக்கு இவ்வளவு விஷயஞானம் போதும் என்று நினைத்தேன். பிற்பாடு எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டபோது, பெரியவர்கள் சிலர் அதைவிடக் குறைந்த சரக்கோடு மேடை ஏறுவதைக் கண்டேன்.

பிரசங்கத்தை எழுதியவன் நான். அதைப் பேச வேண்டியவர் மாமா. அம்மாவின் தம்பி. ரயில்வேயில் தண்டவாளம் மாற்றும் கோஷ்டியில் அவருக்கு வேலை. அப்பாவுக்கும் அதே கோஷ்டியில்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் ஒன்றில் நாங்கள் எல்லோரும் குடியிருந்தோம். வண்டி போகும்போது வீட்டுப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

தண்டவாளம் என்பது ஒருவர் இருவர் தூக்குகிற சாமான் அல்ல. ஆட்கள் வரிசையாக நின்று, கடப்பாரை கொடுத்து, எல்லோரும் ஒரே மூச்சில் நெம்ப வேண்டும். ஒருவன் முந்தினால் அவன் இடுப்பு போகும். ஒருவன் பிந்தினால் பக்கத்தில் நிற்கிறவன் கால் போகும். அதற்காக ஒருவர் முன்னால் நின்று ஒரு வரி பாடுவார். மற்றவர்கள் ‘ஐலசா’ என்று பதில் கொடுத்து, அந்தச் சொல்லிலேயே பலத்தையெல்லாம் போட்டு நெம்புவார்கள். அப்படி முன்பாட்டுப் பாடுகிறவர் எங்கள் மாமா. மண்டோர் என்கிற கங்காணியின் தொப்பை, மத்தியான வெயில், சாப்பாட்டில் கருவாடு இல்லாமல் போனது என்று எது கண்ணில் பட்டாலும் அது அவர் வாயில் வரியாகிவிடும். சாலாக் செலாத்தான் பக்கம் வேலை நடக்கும் நாட்களில் சீனக் குடும்பத்துப் பிள்ளைகள் வேலியோரம் வந்து நின்று தாங்களும் ‘ஐலசா’ போடுவார்களாம். அவ்வளவு நல்ல குரல்.

லைன் வீடுகளுக்கு எதிரே, பெரிய ரோட்டில், மளிகைக் கடை வைத்திருந்தவர்தான் எங்கள் வட்டாரத்துக்குப் பெரிய மனிதர். கடையின் மேல்மாடியைத் தமிழ் வாசகசாலைக்கு விட்டிருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டம் நடக்கும். எந்த விஷயத்தைப் பற்றி யார் பேசினாலும் அக்கிராசனம் வகிப்பவர் அவரே. தலைமை வகித்து வகித்து, கடையில் யாராவது பருப்பு என்ன விலை என்று கேட்டாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுற்றும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அவருடைய பெயர் மறந்துபோய் ஊர் முழுக்க அவரை அக்கிராசனர் என்றே அழைத்தது. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள். தராசு பிடிப்பதும், பொட்டலம் மடிப்பதும், வாடிக்கைக்காரர்களை அதட்டுவதும் அந்தப் பெண்தான். லைன் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் கடையக்கா.

எங்கள் மாமாவுக்குப் பீடிப் பழக்கம் கிடையாது. வீட்டில் இருந்தது ஓர் அடுப்பு. இருந்தும் அவர் தினந்தோறும் அந்தக் கடையிலிருந்து ஒரு தீப்பெட்டி வாங்கி வந்தார். பரணில் தீப்பெட்டிகள் செங்கல் அடுக்கியதுபோல் உயர்ந்துகொண்டே போனபோது அம்மா ஒருநாள், “என்னடா, லைனையே கொளுத்தப் போறியா?” என்று கேட்டாள். மாமா தலை குனிந்துகொண்டார். அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அவளும் அப்பாவும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள்.

திரும்பி வந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

“பையனைப் பத்திக் குத்தம் ஒண்ணும் சொல்லல,” என்றாள். “அடுத்த கூட்டத்துல மேடையேறி ஒரு பிரசங்கம் பண்ணட்டும்ங்கிறாரு. கள்ளுண்ணாமையைப் பத்தி. பண்ணினா மேற்கொண்டு பேசலாமாம்.”

“மாப்பிள்ளை தேடுறாரா, பத்திரிகைக்கு ஆள் எடுக்குறாரா?” என்றார் அப்பா.

மாமா மட்டும் மெதுவாகக் கேட்டார். “பண்ணலேன்னா?”

“பண்ணலேன்னா ரவாங்குல யாரோ கடைக்காரப் பையனாம். அவங்களும் கேட்டுக்கிட்டிருக்காங்களாம்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

காரணம் இருந்தது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்து வாசற்படியைத் தாண்டி உள்ளே போனவன் நான் ஒருவன்தான். லைனுக்கு வரும் ஊர்க் கடிதங்களையெல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். பிறப்பு, சாவு, மாடு கன்று போட்டது எல்லாவற்றையும் ஒரே கம்பீரமான குரலில் படிப்பேன். வாசகசாலைக் கூட்டம் ஒன்று விடமாட்டேன். முதல் வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பேச்சாளர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆகவே பிரசங்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை.

நான் கண்டுவைத்திருந்த உண்மை இது: யார் பெரிய மனிதரோ அவர் விளிப்பதற்கே அதிக நேரம் எடுத்துக்கொள்வார். சாதாரணப் பேச்சாளர் “சபையோரே” என்று ஆரம்பித்து விஷயத்துக்குப் போய்விடுவார். அவருக்குக் கைதட்டல் குறைச்சல். பெரிய பேச்சாளரோ அக்கிராசனரில் தொடங்கிக் கடைசி வரிசைக் குழந்தைவரை ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட்டு முடிப்பதற்குள் ஒரு வண்டி போய் இன்னொரு வண்டி வந்துவிடும். ஆகவே மாமாவின் பிரசங்கத்தை நான் சிலேட்டின் இரண்டு பக்கமும் நிறைய விளிகளோடு ஆரம்பித்தேன். அக்கிராசனர் அவர்களே, அருமைக் காரியதரிசி அவர்களே, கல்விக் கடல்களே, கருணை மலைகளே, வணிகப் பெருமக்களே, ரயில்வே ரத்தினங்களே, தாய்மார்களே, தவழும் செல்வங்களே என்று போய், யாரும் மனத்தாங்கல் கொள்ளக் கூடாது என்பதற்காக, “வர எண்ணி வர இயலாமற் போனவர்களே” என்று முடித்தேன். அதற்குப் பிறகு அவையடக்கம். அடியேன் சிறியேன், கல்லாதவன், சபையின் காலடித் தூசு. அதற்குப் பிறகுதான் கள். கடைசியில், குடும்பம் என்னும் கப்பல் கள் என்னும் கடலில் கவிழ்வதைப் பற்றி ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிற்று.

கஷ்டம் என்னவென்றால் மாமாவுக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவர் மனப்பாடம் செய்ய வேண்டும். குளிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, நான் கவிழ்த்த வாளியின்மேல் அக்கிராசனராக உட்கார்ந்து, பாடம் தொடங்கினேன்.

“அக்கிராசனர் அவர்களே, அருமைக் காரியதரிசி அவர்களே.”

“அக்கிராசனர் அவர்களே,” என்பார் மாமா. பிறகு ஆகாயத்தைப் பார்ப்பார். “மாப்ள, அடுத்தாப்புல யாரு?”

“காரியதரிசி.”

“அவரைக் கூப்பிடலேன்னா கோச்சுக்குவாரா?”

“கோச்சுக்குவார் மாமா.”

“சரி, கூப்பிட்டுருவோம்.” கூப்பிடுவார். கூப்பிட்டதும் அக்கிராசனர் மறந்துபோவார்.

கைகள் இன்னொரு தொந்தரவு. பேச்சாளர்கள் மேல்துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையின் சுட்டுவிரலை உயர்த்துவார்கள் என்று காட்டிக் கொடுத்தேன். மாமாவின் கைகளோ, சும்மா நிற்கச் சொன்னால், கடப்பாரை பிடித்ததுபோல் முன்னால் வந்து ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிடும். விரலை மட்டும் தனியே தூக்கச் சொன்னால் தோளோடு எல்லாம் எழும்பும். கடைசியில், மேடையில் ஒரு மேஜை இருக்கும், அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெரிய பேச்சாளர்களும் அப்படிப் பிடிப்பதுண்டு என்று சொல்லி வைத்தேன். இந்த யோசனைக்காக அன்று நான் மிகவும் பெருமைப்பட்டேன்.

ஒரு வாரம் போயிற்று. இரண்டு விளிகளுக்கு மேல் மாமாவின் தலையில் நிற்கவில்லை. ரவாங் கடைக்காரப் பையன் கோலாலம்பூர் வந்து போனதாக லைனில் பேச்சு அடிபட்டது. மாமா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மாதான் வழி சொன்னாள்.

“ஏன்டா, காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் லைன்ல பாடுறியே, அதுல ஒரு வரியாவது என்னைக்காவது மறந்திருக்கா?”

“அது பாட்டு அக்கா. வேலையோட வர்றது.”

“இதையும் வேலையோட வர வை.”

எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வசனத்தைக் கூறுபோட்டுப் பாட்டாக்குவதா? கல்விக் கடல்களைத் தண்டவாளத்தில் கொண்டுபோய் நிறுத்துவதா? ஆனால் மறுநாளே மாமா என் பிரசங்கத்தை வேலைக்குக் கொண்டு போய்விட்டார்.

அடுத்து வந்த பள்ளி விடுமுறையில் சாப்பாட்டுத் தூக்குச் சட்டியோடு நான் அங்கே போனபோது, தூரத்திலிருந்தே கேட்டது.

“அக்கிராசனர் அவர்களே.”

“ஐலசா.”

“அருமைக் காரியதரிசி அவர்களே.”

“ஐலசா.”

“கல்விக் கடல்களே, கருணை மலைகளே.”

“ஐலசா, ஐலசா.”

தண்டவாளம் ஓர் அங்குலம் நகர்ந்தது. நான் எழுதிய சொல்லுக்கு இரும்பு நகர்வதை அன்றுதான் பார்த்தேன். வரிசையில் அப்பாவும் இருந்தார். தம் மகன் எழுதிய வசனத்துக்கு, வரிப்பணம் கட்டுகிறவர் முகத்தோடு ‘ஐலசா’ சொல்லிக்கொண்டிருந்தார். கோஷ்டியில் மூத்தவர் ஒருவர், பெரிய மீசை வைத்திருந்ததால் மீசைக்காரர் என்றே பெயர், என்னைக் கண்டதும் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

“வாத்தியாரே, உன் பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ‘வர எண்ணி வர இயலாமற் போனவர்களே’ன்னு வர்ற இடத்துல மூச்சு வாங்குது. கொஞ்சம் குறைச்சா நாங்களும் பொழைப்போம்.”

குறைக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

மேற்பார்வைக்கு வந்த வெள்ளைக்காரத் துரை, இது என்ன புதுப் பாட்டு என்று விசாரித்தாராம். மண்டோர் யோசித்துவிட்டு, பத்துமலைக்குப் போவதற்காகச் சாமி பாட்டுப் பழகுகிறார்கள் என்றாராம். துரை தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

கூட்ட நாள் நெருங்குவதற்குள் மாமாவுக்குப் பிரசங்கம் முழுவதும் மனப்பாடம் ஆகிவிட்டது. கோஷ்டிக்கும் ஆகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து அத்தனை பேரும் கடைக்கு எதிர்ச்சாரியில் இருந்த கள்ளுக்கடைக்கு நடக்கும்போது, “கள்ளைத் தொடாதீர்” என்று மாமா எடுத்துக் கொடுக்க, “ஐலசா” என்று பதில் போட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். “பழகிக்கிறதுக்குத்தான் மாப்ள,” என்றார் மாமா என்னைக் கண்டு. அவருடைய சிரத்தையை நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசகசாலை மாடியில் அன்றைக்குப்போல் கூட்டம் அதற்கு முன் சேர்ந்ததில்லை. கோஷ்டி முழுவதும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெள்ளை வேஷ்டி கட்டிக்கொண்டு, கடைசிப் பாய்களில் உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டுப் பெஞ்சியில் பெண்கள் சிலர். அம்மா அங்கே இருந்தாள். அவளுக்கு அடுத்து கடையக்கா. மேடையில் அக்கிராசனர், அவருக்குப் பக்கத்தில் வாசகசாலைக் காரியதரிசி. இவர் யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிஷம் என்று கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்து, முடிந்ததும் மேஜைமேல் இருக்கும் வெண்கல மணியை அடிப்பது அவருடைய பொறுப்பு. அடித்தபின் யாரும் பேசக் கூடாது. அந்த மணிக்கு அக்கிராசனரே பயப்படுவார்.

புறப்படுமுன் மாமா தம் தோழர்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். “அண்ணே, கால்ல விழுறேன். நான் பேசுறப்ப யாரும் வாயைத் திறக்கக் கூடாது.”

“நாங்க என்ன பச்சப் பிள்ளைங்களா?” என்றார் மீசைக்காரர்.

மாமா மேடை ஏறினார். யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு, அக்குளில் இறுக்கியது. மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். முதல் வரிசையிலிருந்து நான் தலையாட்டினேன்.

“அக்கிராசனர் அவர்களே.”

அந்தக் குரல் மாடியை நிறைத்தது. சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. சொல்லிவிட்டு மாமா நிறுத்தினார். தண்டவாளத்தோரம் கடப்பாரையோடு ஆட்கள் நிற்கும்போது எவ்வளவு நேரம் நிறுத்துவாரோ அவ்வளவு நேரம் நிறுத்தினார். கடைசிப் பாய்களில் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் நான் திரும்பிப் பார்த்தபோது, அத்தனை தோள்களும் ஒன்றாக ஒருமுறை ஏறி இறங்கின.

“அருமைக் காரியதரிசி அவர்களே.”

தோள்கள் மறுபடி ஏறின. இப்போது மூச்சுச் சத்தமும் கேட்டது.

“கல்விக் கடல்களே, கருணை மலைகளே.”

“ஐலசா,” என்றது ஒரு குரல். மெதுவாகத்தான். மீசைக்காரருடைய குரல். சொன்னவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் ஒருவர் சொல்லி மற்றவர்கள் சொல்லாமல் விட்டால் தண்டவாளத்தில் கால் போய்விடும் அல்லவா? அத்தனை வருஷப் பழக்கம். அடுத்த விளிக்கு மொத்தக் கோஷ்டியும் சேர்ந்துகொண்டது.

“வணிகப் பெருமக்களே.”

“ஐலசா.”

“ரயில்வே ரத்தினங்களே.”

“ஐலசா.”

மாமாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பதில் வந்ததும் அவருடைய முகத்தில் அதுவரை இருந்த பயம் போய்விட்டது. குரல் இன்னும் மேலே ஏறிற்று. கால்கள் அகன்று நின்றன. “தாய்மார்களே” என்றார், பின்னாலிருந்து “ஐலசா” என்ற இடி வந்தது, அந்த ஐலசாவோடு அவருடைய கைகள் செய்யத் தெரிந்ததைச் செய்தன. மேஜை எழுந்தது. தண்ணீர்ச் சொம்பு சரிந்தது. அக்கிராசனர் தமது காகிதங்களைத் தாவிப் பிடித்தார். வெண்கல மணி மேஜையோரம் உருண்டு, தரையில் விழுந்து, தானாகவே கணீரென்று அடித்துக்கொண்டே முதல் வரிசைவரை வந்து என் காலடியில் நின்றது.

சபை சிரித்தது. மாடிப்படியில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். காரியதரிசி மட்டும் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

“தம்பி, முதல்ல மேசையை வையுங்கோ,” என்றார். “மணி அடிச்சிட்டுது. நேரமும் சரியாத்தான் முடிஞ்சிருக்குது.”

மாமா மேஜையை வைத்தார். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. அடங்கியபின்னும் அவர் அங்கேயே நின்றார்.

அக்கிராசனர் தொண்டையைச் செருமினார். “கள்ளைப் பத்தி இன்னும் ஒண்ணும் வரலையேப்பா.”

நான் முதல் வரிசையிலிருந்து அடுத்த வரியை உதட்டசைவில் எடுத்துக் கொடுத்தேன். தவழும் செல்வங்களே, தவழும் செல்வங்களே. மாமா என்னைப் பார்த்தார். ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை. மேஜையிலிருந்து கையை எடுத்து, கோட்டில் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு இதெல்லாம் வரலீங்க,” என்றார். வீட்டில் பேசுகிற குரல். “நான் குடிக்கிறவன். பொய் சொல்லக் கூடாது. இவங்களுக்கெல்லாம் தெரியும். இனிமே குடிக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு இறங்கப் போனார். பின்னாலிருந்து மீசைக்காரர் எழுந்து நின்றார்.

“எப்பலேருந்து தம்பி?”

“இன்னையிலேருந்து.”

“சனிக்கிழமை?”

மாமா கடைசிப் பாய்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மாடிக்குக் கீழே ஒரு மாட்டுவண்டி போகும் சத்தம் கேட்டது. அது ரோட்டு முனைவரை போய்ச் சேர்ந்திருக்கும். அவ்வளவு நேரம்.

“சனிக்கிழமையும்தாண்ணே.”

“அப்ப நாங்க மட்டும் போகணும்.”

“நீங்க போங்க. நான் வந்தேன்னா, உள்ள விடாதீங்க. எல்லாரும் கேட்டுக்குங்க.”

மீசைக்காரர் இரண்டு பக்கமும் திரும்பித் தம் ஆட்களைப் பார்த்தார். “கேட்டுக்கிட்டோம்,” என்றார். உட்கார்ந்தார். யாரும் கை தட்டவில்லை.

அக்கிராசனர் உடனே எழுந்திருக்கவில்லை. பெண்கள் இருந்த பெஞ்சியைப் பார்த்தார். அங்கே சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. அது கோணலாகத் தொங்குகிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு எழுந்து, கூட்டம் இனிது முடிந்தது என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அழுதேன். பிரசங்கத்தில் முக்காலும் மீதி நின்றுவிட்டது. தவழும் செல்வங்கள் கூப்பிடப்படவில்லை. அவையடக்கம் இல்லை. கடலில் கப்பல் கவிழவே இல்லை. இத்தனைக்கும் மேலாக, சபை நடுவே “நான் குடிக்கிறவன்” என்று ஒருவர் தாமாகவே சொல்வதா? பெண் கொடுக்க வேண்டியவர் காதில் விழும்படியா? ரவாங் பையனுக்கு நாளையே நிச்சயம் ஆகிவிடும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்பா என் தோளில் தட்டி, “விடுடா, மேஜையைத் தூக்கினானே, அது போதாதா?” என்றார். மாமா எங்களுக்கு முன்னால் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில், கடை திறக்கும் முன்பே, அக்கிராசனர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. அம்மா பதறிப்போய்ப் பாயை உதறிப் போட்டாள். தை மாதத்தில் நாள் பார்க்கலாம் என்று அவரே சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் புறப்படும்போது பின்னாலேயே ஓடி, நேற்றைய பிரசங்கம் எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டேன்.

“பிரசங்கமா?” என்றார் அவர். நெடுநேரம் சிரித்தார். “பிரசங்கம் எங்கடா இருந்துச்சு?”

அது எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்ததில், பெரிய மனிதர்கள் வெளிப்படையாகப் பாராட்ட மாட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தேன். பேசப்பட்டதே விளிகள்தான், ஆகவே பெண் கிடைத்தது விளிகளால்தான். அரைகுறை விளிகளுக்கே இந்தப் பலன் என்றால் முழுவதும் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் என் சகபாடிகளைக் கேட்டேன். அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை.

பிரசங்கம் வேண்டும் என்று கேட்டது அக்கிராசனரே அல்ல, அவருடைய மகள் என்பதை நான் தெரிந்துகொள்ளப் பல வருஷங்கள் ஆயின. எனக்கு அத்தையாகிவிட்ட கடையக்காவே ஒருநாள், முறுக்குப் பிழிந்துகொண்டே, சாதாரணமாகச் சொன்னார். கடையில் தராசுக்குப் பின்னால் நின்றால் எதிர்ச்சாரிக் கள்ளுக்கடை நேரே தெரியுமாம். சனிக்கிழமை சாயங்காலங்களில் லைன் பெண்கள் அதன் வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்து நிற்பார்களாம், ஆண்களை அழைத்துப் போக. “உங்க மாமா எங்கப்பாகிட்ட வந்து விட்டுட்டேன்னு தனியா சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்,” என்றார் அத்தை. “கூடக் குடிக்கிறவங்க முன்னாடி சொல்லட்டும்னேன். அப்பாதான் அதைப் பிரசங்கம் அது இதுன்னு பெரிசாக்கிட்டாரு.”

இதெல்லாம் பின்னால். கூட்டத்துக்கு அடுத்து வந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு இதொன்றும் தெரியாது. கோஷ்டி வேலை முடிந்து எங்கள் வாசல் வழியாகக் கள்ளுக்கடைக்குப் போயிற்று. மாமா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. கேலியும் செய்யவில்லை. மீசைக்காரர் மட்டும் நின்று, அவர் முதுகில் ஒருமுறை கை வைத்துவிட்டு, மற்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார். மாமாவை இவர்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது.

ஒரு மாதத்துக்குப் போதுமான விறகு ஏற்கனவே வாசலில் கிடந்தது. மாமா இன்னும் பிளந்துகொண்டிருந்தார். வேர்வை கழுத்தில் வழிந்தது. ரோட்டுப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் கோடாலி நின்று நின்று விழுந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

“என்ன மாமா, மறுபடி மேடையேறப் போறீங்களா? என்ன பிரசங்கம்?”

“அதே பிரசங்கம்தான் மாப்ள.”

“அதுதான் போன ஞாயித்துக்கிழமையே முடிஞ்சு போச்சே.”

மாமா கோடாலியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரித்தார். பிறகு இன்னொரு கட்டையை எடுத்து நிறுத்தினார்.

இவ்வளவு சொல்லிக் கொடுத்தும், ஒரு பிரசங்கம் எங்கே முடிகிறது என்றுகூட இந்த மாமாவுக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு, நான் வீட்டுப் பாடம் எழுத உள்ளே போனேன்.